மழைக்கு விழிக்கும் கொடி

பாலாற்றங்கரை ஊர்களில் தோட்டம் போடுகிறவர்களுக்கு நிழல் பெரிய தடையில்லை, தண்ணீர்தான் தடை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீர் ஊற்றினால் இலை ஓரம் கருகும், மண்மேல் வெள்ளையாக உப்புப் படியும். பச்சைத் தோல் கெடாமலிருக்கத் தடவிய உப்பு, இந்த ஊர்களின் தோல் பதனிடும் டேனரிகளில் ஊறப்போடும்போது கழுவுநீரோடு வெளியேறும். பல பத்தாண்டுகள் அது பாலாற்றுக்கும் நிலத்தடிக்கும் போய்ச் சேர்ந்தது. இதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் மண்ணில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

அதனால்தான் இந்த ஊர் வீடுகளுக்குச் செங்காந்தளைச் சொல்கிறேன். நம் மாநில மலர். காட்டோரப் புதர்களில் தானாக முளைத்து ஏறுவது. கோடையில் கொடி காய்ந்துபோய், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். போர் தண்ணீரை நம்பியே பிழைக்க வேண்டிய அந்த மாதங்களில் இதற்குத் தண்ணீரே வேண்டாம், ஊற்றினால் அழுகும். பருவமழை மண்ணை நனைத்ததும் முளைக்கும்.

வேப்பமரத்தடியில், காலை வெயில் சல்லடையாக விழும் இடம் போதும். அடர்ந்த இருட்டில் கொடி ஓடும், பூக்காது. தண்ணீர் தேங்காத மண்ணில் மட்கிய இலைச்சருகைக் கலந்து, கிழங்கைப் படுக்கவைத்து, நாலு விரல் ஆழத்தில் மூடுங்கள். முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கிறது. நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண். இலைநுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும் என்பதால், பக்கத்தில் நாலு காய்ந்த குச்சி நட்டால் ஏறிவிடும். இடையில் மழை தவறினால், மொட்டைமாடியில் பிடித்துவைத்த மழைநீரைக் கொடுங்கள். பச்சையாக விரியும் ஆறு இதழ்களும் மஞ்சளாகி, நாள் செல்லச் செல்ல முழுச்சிவப்பாகும்.

ஒன்றை மறக்கக் கூடாது: செடி முழுவதும் நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. இதிலுள்ள கோல்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து. அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். வள்ளிக்கிழங்கென்று எண்ணித் தின்று இறந்தவர்கள் உண்டு. சின்னக் குழந்தைகளும் ஆடுமாடும் புழங்கும் வாசலில் வேண்டாம். வேலி போட்ட மூலையில் வையுங்கள். கிழங்கை எடுத்தால் கையுறை போடுங்கள்.

கிழங்குக்காக ஜவ்வாது மலையைத் தோண்டவும் வேண்டாம். மருந்துக்கான விதைக்காகத் திண்டுக்கல், கரூர் பக்கம் வயலிலேயே இதைப் பயிரிடுகிறார்கள். 'கண்வலிக்கிழங்கு' என்று கேட்டு வாங்கலாம். காட்டிலிருப்பது காட்டிலேயே இருக்கட்டும். உப்பேறிய மண்ணில் எதுவும் வராது என்று கைவிட்டவர்கள் இங்கே நிறைய. மழையை மட்டும் நம்பும் நம் மண்ணின் செடிகளிலிருந்து அவர்கள் மறுபடி தொடங்கலாம்.