நோயாராய்ச்சியும் நம்பத்தகுந்த நூற்சான்றும்

வித்திடுவோன் நிலத்தின் இயல்பறிந்தே வித்திடுவான். நோயை ஆராயப் புகுவோனோ, தனக்கு முன்னோர் அதுபற்றி யாது கண்டனர் என்பதை நன்கறியாமலே பலகால் தொடங்கிவிடுகின்றான். இப்பிழை ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. உயிரையும் வாங்கவல்லது என்பதையே யாம் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அர்ச்சுனா நதியின் நீர்த்தேக்கத்தை அடுத்துள்ளது ஆனைக்குட்டம். அதனைச் சூழ்ந்த நாட்டில் கந்தகமும் வெடியுப்பும் அலுமினியப் பொடியும் கையாண்டு பிழைக்கும் குடும்பங்கள் பல. மருந்து கலக்கும் அறையில் உழைப்பவர் இருமும்போது, வெல்லம் உண்டால் நெஞ்சிலுள்ள தூசி அறும் என்று சொல்வாரும் உளர். இக்கூற்று மெய்யோ, பொய்யோ? நம் மாணவன் ஒருவன் இதனை ஆராய விரும்பின், எங்ஙனம் தொடங்குதல் வேண்டும்?

தேடுவோனுக்கு, 1994-ம் ஆண்டில் லக்னோ நகரத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரையொன்று கிட்டும். நுரையீரலில் நிலக்கரித் தூசி ஏற்றப்பட்ட எலிகளுக்கு வெல்லம் கொடுத்தபோது, தூசி வெளியேறுதல் மிகுந்தது என்று அவர்கள் கண்டனர். தலைப்பை மட்டும் படித்தவன், வெல்லம் தொழிலாளரைக் காக்கும் என்று முழங்குவான். முழுதும் படித்தவனோ, எலி மனிதனன்று, நிலக்கரி அலுமினியமுமன்று என்று நிதானிப்பான். ஊரார் வாய்மொழி ஒரு நல்ல வினாவைத் தரலாம். விடையைத் தருதல் அதற்கு இயலாது.

குறைபடத் தேடுவதால் விளையும் கேட்டிற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 2001-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில், ஆஸ்துமா பற்றிய ஆராய்ச்சியொன்றின் பொருட்டு, 24 வயதுடைய நோயற்ற பெண்மணி ஒருவர் ஹெக்ஸாமெத்தோனியம் என்னும் மருந்தை முகர்ந்தார். ஒரு திங்களுக்குள் நுரையீரல் கெட்டு உயிர் நீத்தார். ஆராய்ச்சியாளர் முன்னரே தேடாமலிருந்தவரல்லர். ஆயினும் அவர் தேடிய பப்மெட் என்னும் குறிப்பகராதி, அக்காலத்தில் 1966-ம் ஆண்டுக்கு முற்பட்டவற்றைக் காட்டவில்லை. அம்மருந்தால் நுரையீரல் கெடுவதுண்டு என்ற செய்தியோ 1950-களின் பத்திரிகைகளிலேயே அச்சேறியிருந்தது. நூலகத்தின் பழைய அலமாரியொன்றைத் திறந்திருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கக்கூடும் அன்றோ?

பழையன யாவும் மெய்யென்றும் கொள்ளற்க. காசநோயாளரைச் சானடோரியத்தில் வைத்தே பேணல் வேண்டும் என்பது நெடுங்காலம் அறிஞர் கொண்ட கொள்கை. 1956-ம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் அதனைச் சோதிக்கத் துணிந்தனர். தக்க மருந்து கொடுத்தால், ஏழைக் குடிசையிலிருப்போரும் சானடோரியத்தாரை ஏறக்குறைய ஒத்த அளவில் குணமடைகின்றனர் என்று 1959-ம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். முன்னோர் கூற்றை ஐயுறுவதற்கும் அதனை முழுதறிதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

ஆதலின் மாணவர் மேற்கொள்ளத்தக்க நெறி இதுவாம். முதலில் பாடநூலைக் கற்று, பின் குறிப்பகராதியில் தேடுக. ஒரு கட்டுரையோடு அமையாது, 1993-ம் ஆண்டு முதல் காக்ரேன் குழுவினர் செய்துவருவதுபோல், பல சோதனைகளையும் சீர்தூக்கிய தொகுப்புரைகளை நாடுக. நல்ல பயன் தந்தவை அச்சேறுதலும், தராதவை மறைந்தொழிதலும் உலக வழக்கம். ஆதலால் 2007-ம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டையும் புரட்டுக. வெளிவந்த கட்டுரை பின்னர் மீட்டுக்கொள்ளப்பட்டதோ என்றும் வினவுக. அம்மைத் தடுப்பூசியைப் பழித்து 1998-ம் ஆண்டில் லான்செட் பத்திரிகையில் வந்த கட்டுரை, 2010-ம் ஆண்டில்தான் மீட்கப்பட்டது. அதற்குள் எத்தனை பெற்றோர் அஞ்சி மயங்கினர்!

நம் கலாசாலைகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இடமில்லை என்று சொல்லிப் பழைய பத்திரிகைத் தொகுதிகளைக் காகித வியாபாரிக்கு எடைக்குப் போடுதல் தகாது. 1913-ம் ஆண்டில் தோன்றிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பத்திரிகை போன்றவற்றின் முதற்றொகுதிகள் எங்கேனும் எஞ்சியிருப்பின், அவை பொன்னினும் அரியன. 2022-ம் ஆண்டில் விருதுநகரில் அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. அங்குப் பயில்வோர்க்கு நாடி பார்க்கக் கற்பித்தலோடு, நூல் தேடவும் கற்பித்தல் வேண்டும். அவர்கள் கண்டதைத் தொழிலாளர்க்கு விளங்கும் தமிழில் எழுதுதலும் கடமையே.

வெடிக்கும் அச்சுக்கும் ஒருங்கே பேர்போனது சிவகாசி. அச்சேறியதெல்லாம் உண்மையன்று என்பதை அந்நகரத்தாரினும் நன்கறிவார் யாவர்? ஒரு பொறி சிந்தினும் கேடென்று மருந்தறையுள் நுழைவோர் எச்சரிக்கையாய் அடியெடுத்து வைக்கின்றனர். அவர்தம் நெஞ்சுநோயை ஆராயப் புகும் நாம், ஏட்டறையுள் நுழையுங்கால் அவ்வெச்சரிக்கையிற் பாதியேனும் கொள்ளாதிருத்தல் முறையாமோ?