ஓடும் அப்பா, காத்திருக்கும் பிள்ளைகள்! – விடுமுறையிலும் மராத்தான் பயிற்சி தேவைதானா?

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் ஒரு காலத்தில் விடியற்காலையில் ஓடியவர்கள் இரண்டே வகையினர்தான். ஒருவர், போலீஸ் வேலைக்குத் தயாராகும் இளைஞர். மற்றவர், பஸ்ஸைத் தவறவிட்டவர்!

இன்று அந்தக் காட்சி மாறிவிட்டது. டாக்டர் ஓடுகிறார். வங்கி அதிகாரி ஓடுகிறார். கம்ப்யூட்டர் என்ஜினீயர் ஓடுகிறார். பள்ளிக்கூட ஆசிரியை ஓடுகிறார். காலில் பல ஆயிரம் ரூபாய் ஷூ. கையில், ஓடிய தூரத்தையும் நாடித் துடிப்பையும் கணக்குப் பார்த்துச் சொல்லும் கடிகாரம்.

2021ஆம் ஆண்டில் தமிழக சுகாதார அமைச்சர் பொறுப்பை ஏற்ற மா.சுப்பிரமணியன், நூற்றுக்கு மேற்பட்ட அரை மராத்தான் ஓட்டங்களை ஓடி முடித்தவர். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீளமுள்ள நடைப்பயிற்சிச் சாலைகள் தொடங்கி வைக்கப்பட்டன. நடப்பதும் ஓடுவதும் ஊரெங்கும் பரவிவிட்டன.

நல்ல மாறுதல்தான். சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட நாளில், இதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால், ஓட்டத்தோடு கூடவே ஒரு புதிய தகராறும் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. அதுதான் விடுமுறைத் தகராறு!

அட்டவணை என்னும் எஜமான்

மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் ஓட்டம். அதில் பாதி அரை மராத்தான். முழு ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் பொதுவாக 16 முதல் 20 வாரங்கள் வரை பயிற்சி செய்கிறார்கள். எந்த நாளில் எத்தனை கிலோமீட்டர் என்று அட்டவணை போட்டு வைத்துக்கொள்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை நீண்ட தூர ஓட்டம். அது 20 கிலோமீட்டரில் தொடங்கி 30 வரையில் வளரும்.

ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் எடுத்துக்கொள்ளும் சாதாரண ஓட்டக்காரருக்கு 20 கிலோமீட்டர் ஓட 2 மணி 20 நிமிடம் ஆகும். 30 கிலோமீட்டர் என்றால் மூன்றரை மணி நேரம். ஓடி வந்தபின் குளியல், சாப்பாடு, அசதித் தூக்கம். அன்றைய பகல் அத்தோடு சரி.

ஊரில் இருக்கும்போது இதைக் குடும்பம் பொறுத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா மத்தியானம்தான் விழிப்பார் என்பது பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. கொடைக்கானலுக்குப் போன இடத்திலும் அப்படி என்றால்? படகுச் சவாரிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை நேரம்தான் ஓட்டல் ஜன்னலில் நிற்பார்கள்?

அரிதாகக் கிடைக்கும் நாட்கள்

நடுத்தரக் குடும்பத்துக்கு வெளியூர்ப் பயணம் சுலபமாகக் கிடைப்பதல்ல. கணவனுக்கு லீவு கிடைக்க வேண்டும். மனைவி வேலைக்குப் போகிறவரானால் அவருக்கும் கிடைக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடியிருக்க வேண்டும். ரெயிலில் இடம் கிடைக்க வேண்டும். இத்தனையும் ஒரே வாரத்தில் கூடிவர வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் பழைய முறையில் விடுமுறைப் பயணப்படிக்கு அளிக்கப்படும் சலுகைகூட, 4 ஆண்டுகளில் 2 பயணங்களுக்குத்தான்.

அண்மைக் காலத்தில் இன்னொரு கட்டுப்பாடும் சேர்ந்தது. சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்ல இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6 ஆயிரம் வாகனங்கள், வார இறுதியில் 8 ஆயிரம் வாகனங்கள் என்று வரம்பு விதிக்கப்பட்டது. கொடைக்கானலுக்கு அந்த வரம்பு 4 ஆயிரமும் 6 ஆயிரமும்.

இப்படிப் பாடுபட்டுப் பெற்ற 5 நாட்களில் 3 காலைப் பொழுதுகளை ஓட்டம் விழுங்கினால், மனைவி முகம் சுளிப்பதில் ஆச்சரியம் என்ன?

ஓடுகிறவருக்கும் ஒரு நியாயம் உண்டு. “இத்தனை மாதம் பாடுபட்டேன். ஒரு வாரம் விட்டால் எல்லாம் போய்விடுமே!” என்று அவர் பயப்படுகிறார். இந்தப் பயம் உண்மையானதா? தகராறின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

விஞ்ஞானம் சொல்லும் தீர்ப்பு

இந்தக் கேள்வியை விஞ்ஞானிகள் நெடுநாளைக்கு முன்பே ஆராய்ந்துவிட்டார்கள்.

நன்கு பயிற்சி பெற்ற 7 பேரை, பயிற்சியை அடியோடு நிறுத்தச் சொல்லிச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று 1984இல் வெளியாயிற்று. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். 21 நாட்களில் குறைந்தது 7 சதவிகிதம். 56 நாட்களில் 16 சதவிகிதம். மூன்று வாரம் சும்மா இருந்தவர்களுக்கே நஷ்டம் இவ்வளவுதான்!

அடியோடு நிறுத்தாமல் குறைத்துக்கொண்டால்? அதையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஹிக்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1980களின் தொடக்கத்தில் சோதித்தார்கள். வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடும் பயிற்சி செய்தவர்களைப் பிடித்தார்கள். சிலருக்கு நாட்களை 4 ஆகவும் 2 ஆகவும் குறைத்தார்கள். வேறு சிலருக்கு நேரத்தை 26 நிமிடமாகவும் 13 நிமிடமாகவும் குறைத்தார்கள். இப்படி 15 வாரங்கள் ஓடின. ஆக்சிஜன் திறன் குறையவே இல்லை! 13 நிமிடம் மட்டும் செய்தவர்களுக்கு நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி ஓரளவு இறங்கியது. அதுவும் 15 வாரம் கழித்து.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பயிற்சியின் வேகத்தைக் குறைத்தபோது திறன் சரிந்தது. அதாவது, நாட்களைக் குறைக்கலாம்; நேரத்தைக் குறைக்கலாம்; வேகத்தைத்தான் விடக்கூடாது.

ஆகவே 5 நாள் பயணத்தில் இரண்டு நாள், தலா அரை மணி நேரம் சுறுசுறுப்பாக ஓடினால் போதும். பிள்ளைகள் எழுந்து பல் விளக்குவதற்குள் அப்பா திரும்பி வந்துவிடலாம்!

காலண்டரைப் புரட்டினால்

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 2025இல் சென்னை மராத்தான் ஜனவரி 5ஆம் தேதி நடந்தது. ஜனவரித் தொடக்கத்தில் வரும் பந்தயத்துக்கு 16 முதல் 20 வாரங்கள் பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்டு அல்லது செப்டம்பர் வரும். மே மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கோடை விடுமுறையில் 20 கிலோமீட்டர் ஓடியே தீர வேண்டும் என்று மல்லுக்கட்டுகிறவர், இன்னும் தொடங்காத பரீட்சைக்கு இரவு கண் விழித்துப் படிப்பவரைப் போன்றவர்.

அரையாண்டுப் பரீட்சை விடுமுறை எப்போது? டிசம்பர் கடைசி வாரம். பந்தயத்துக்கு இரண்டு வாரத்துக்குள் வரும் காலம் அது. அப்போது ஓட்டக்காரர் பயிற்சியைக் குறைத்தே ஆக வேண்டும். பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2007இல் வெளியான ஆய்வு, பந்தயத்துக்கு முந்திய இரண்டு வாரங்களில் பயிற்சித் தூரத்தை 41 முதல் 60 சதவிகிதம் வரை குறைப்பது நல்ல பலன் தருகிறது என்று கூறுகிறது. அதாவது, உடம்பு ஓய்வு கேட்கும் வாரமும் பள்ளிக்கூடம் மூடும் வாரமும் ஒன்றாகவே வருகின்றன. குடும்பத்தோடு போய் வர இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?

இடைஞ்சலான காலம் ஒன்று உண்டு. காலாண்டு விடுமுறையும் தீபாவளியும் பயிற்சி உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் வருகின்றன. அந்த வாரத்து நீண்ட ஓட்டத்தைப் பயணத்துக்கு முந்திய நாளோ, திரும்பி வந்த மறுநாளோ வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

மும்பை மராத்தான் 2004 முதல் நடந்து வருகிறது. ஜனவரி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அதற்குரிய நாள். பொங்கலுக்கு அடுத்தாற்போல் வரும். 2023இல் இரண்டும் ஜனவரி 15ஆம் தேதி ஒன்றாகவே வந்துவிட்டன! அப்படி மோதும் ஆண்டில் குடும்பத்தோடு கலந்துதான் முடிவு செய்ய வேண்டும். மற்ற ஆண்டுகளில் ஊருக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டே போகலாம். அந்த வாரம் எப்படியும் ஓய்வு வாரம்தானே! கண்மாய்க் கரையில் மெதுவாக 4 கிலோமீட்டர் ஓடினால் போதும். “யாரப்பா துரத்துகிறார்கள்?” என்று கேட்கும் பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான் சிரமம்!

மலையில் ஓடினால் பலம் கூடுமா?

“ஊட்டியில் ஓடினால் ரத்தம் ஊறும், அதற்காகத்தான் ஓடுகிறேன்” என்று சொல்பவர்கள் உண்டு. உயரமான இடத்தில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைப்பதால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு மூன்று, நான்கு வாரங்கள் தங்க வேண்டும். 5 நாளில் மிஞ்சுவது மூச்சு வாங்குவது மட்டுமே.

1968இல் ஒலிம்பிக் பந்தயங்கள் மெக்சிகோ நகரில் நடந்தன. அதன் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஊட்டியின் உயரமும் ஏறக்குறைய அதுதான். பல உலக சாதனைகளைப் புரிந்த ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க், அங்கே 10 ஆயிரம் மீட்டர் ஓட்டத்தில் 6ஆவதாக வந்து, எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். உலக வீரருக்கே அந்தக் கதி. சென்னைக் கடற்கரையில் பழகியவர் முதல் நாளே ஊட்டி மேட்டில் வேகம் காட்டலாமா?

இறக்கத்தில் ஓடுவது இன்னும் மோசம். தொடைத் தசைகள் கன்றி, மறுநாள் படி இறங்கவே முடியாது. பனிமூட்டத்தில் கார் வருவது தெரியாது. கொடைக்கானல், குன்னூர்ச் சாலைகளில் காட்டெருமைகள் நடமாடுவதும் உண்டு. நன்றாக வெளிச்சம் வந்தபின் சமதரையில் ஓடுவதே புத்திசாலித்தனம். ஏரியைச் சுற்றி மனைவியோடு வேகமாக நடந்தாலும் உடம்புக்கு அது வேலைதான்.

அம்மா ஓடினால்?

இதுவரை பேசியது ஓடும் அப்பாக்களைப் பற்றி. ஓடும் அம்மாக்களும் இன்று ஏராளம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் பந்தயமே 1984இல்தான் வந்தது. இன்று தமிழ்நாட்டுச் சாலைகளில் பெண்கள் கூட்டமாக ஓடுகிறார்கள்.

ஆனால் அப்பா ஓடப் போனால் பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொள்கிறார். அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அம்மா ஓடப் போனால் மட்டும், “பிள்ளைக்குப் பால் யார் கொடுப்பது?” என்ற கேள்வி கிளம்புகிறது. ஊரிலேயே அடுப்படிக்கும் ஆபீசுக்கும் இடையே ஓடி ஓடி, தனக்கென்று அரை மணி நேரம் இல்லாதவருக்கு விடுமுறை ஒன்றே வாய்ப்பு. அந்த அரை மணி நேரத்தைக் கணவன் மனமுவந்து தர வேண்டும். ஒரு நாள் காலை அவர் ஓட்டம். மறு நாள் காலை இவர் ஓட்டம். இதுவே நியாயமான பங்கீடு.

பந்தயமே பயணமானால்?

பந்தயம் நடக்கும் ஊருக்கே குடும்பத்தை அழைத்துச் செல்லும் பழக்கமும் வந்துவிட்டது. லடாக் மராத்தான் 2012 முதல் நடக்கிறது. லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்கியதும் தலைவலியும் குமட்டலும் பிடித்துக்கொள்ளலாம். உடம்பு பழகச் சில நாட்கள் வேண்டும், பிள்ளைகளுக்கும் வேண்டும். பந்தயமோ செப்டம்பரில். பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூட நாள்.

சமவெளி ஊர்களுக்குப் போவதானால் ஒரு யோசனை. பந்தயம் முதலில், சுற்றிப் பார்ப்பது பிறகு. பந்தயம் கடைசியில் இருந்தால், “காரம் வேண்டாம், வெயிலில் அலையாதே, சீக்கிரம் படு” என்று பயணம் முழுவதும் அதன் நிழலிலேயே கழிந்துவிடும்.

மழைக்கு விட்டுக் கொடுப்பவர்கள்

சென்னை ஓட்டக்காரர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டாய லீவு உண்டு. அதுதான் வடகிழக்குப் பருவமழை. பயிற்சி உச்சத்தில் இருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது பெய்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சாலையெல்லாம் ஆறாயிற்று. அந்த நாட்களில் யார் அட்டவணைப்படி ஓடினார்கள்? மழை விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 2024 ஜனவரியில் பந்தயமும் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் ஓடவும் செய்தார்கள்.

மழை பிடுங்கிக்கொண்ட நாட்களால் குடி முழுகிவிடவில்லை என்றால், பிள்ளைகள் கேட்கும் நாட்களால் மட்டும் முழுகிவிடுமா?

மராத்தான் அடுத்த ஆண்டும் வரும். அதற்கடுத்த ஆண்டும் வரும். 8 வயதுப் பெண்ணுக்கு அப்பாவோடு குதிரைச் சவாரி போகும் ஆசை, 15 வயதிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.