இல்லறமும் மறைநோயும்

நோயுறுதல் நாணத்திற்குரியதன்று, அதனை மறைத்து வாழ்க்கைத் துணைக்கும் பகிர்ந்தளித்தலே நாணத்திற்குரியதென்பது எம் துணிபு.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்பெறும் மருத்துவத் துணி எங்கெங்கோ உள்ளார் புண்ணைக் கட்டுகின்றது. திருவில்லிபுத்தூரோ ஆண்டாள் திருக்கல்யாணம் காண மக்கள் திரளும் ஊர். புண்கட்டத் துணி தருவோரும் மணவிழாவைப் போற்றுவோரும், மணவாழ்விற் புகும் புண்ணைப் பற்றி மட்டும் வாய் திறவார். வெட்டை, பறங்கிப்புண் முதலாக முன்னோர் பெயரிட்டு வழங்கிய பால்வினை நோய்களையே ஈண்டுக் குறிக்கின்றோம்.

இவை பலகால் வெளிக்குறி காட்டாது உடலில் உறைவன. பெண்டிரிடத்து வெட்டை பெரும்பாலும் மறைந்தே கிடக்கும். கணவன் மட்டும் மருந்துண்டு தேறினும், மனைவியிடம் தங்கிய நோய் அவனை மீண்டும் பற்றும். இஃது ஓட்டையை அடையாமல் ஓடத்து நீரை இறைப்பதனை ஒக்கும். ஆதலின் இருவரும் ஒருங்கே சோதனை செய்து, ஒருங்கே மருத்துவம் பெறல் வேண்டும். மருத்துவர் குறித்த நாள்காறும் கூடாதிருத்தல் வேண்டும். ஐயமுள்ளவிடத்து ஆணுறை அணிதல் வேண்டும். பறங்கிப்புண்ணுக்குப் பெனிசிலின் இன்றும் கைகண்ட மருந்து. கருவுற்றாள் அதனைக் காலத்தே பெறின் குழவியும் காக்கப்படும்.

எச்.ஐ.வி. கிருமி முற்றும் ஒழிக்கப்படுவதன்று, ஆயினும் அடக்கப்படுவது. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டு சென்னையிலேயே அது முதன்முதற் கண்டறியப்பட்டது. ஒருவர்க்கு மட்டும் அக்கிருமியுள்ள 1,763 இணையரை ஒன்பது நாடுகளில் ஆராய்ந்து, 2011-இல் முடிவு வெளியிட்டனர். அவ்வாராய்ச்சி நிகழ்ந்த இடங்களுள் சென்னையும் ஒன்று. காலந்தாழ்த்தாது மருந்து தொடங்கியவிடத்துத் துணைவர்க்கு நோய் பரவுதல் நூற்றுக்கு 96 பங்கு குறைந்ததென்பதே அம்முடிவு.

நிற்க. சோதனை வேண்டுதல் துணையை ஐயுறுதலன்றோ எனச் சிலர் வினவுவர். சாதகப் பொருத்தம் பார்த்தலை ஐயமென்னாதவர், குருதிச் சோதனையை மட்டும் ஐயமென்பது என்னை? இருவரும் சேர்ந்து செல்லுமிடத்து ஐயத்திற்கு இடமேது? மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பி, பழியையும் அவள் தலைமேற் சுமத்தித் தான் வாயிலில் நிற்கும் ஆடவன் செயலே அன்பிற்கு மாறானது.

அரசினர் மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை கட்டணமின்றி நடைபெறுகின்றது. அக்கிருமிக்கு இசைவின்றிச் சோதித்தலையும், அதன் முடிவைப் பிறர்க்கு வெளிப்படுத்தலையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. வழியுண்டு, செல்லத் துணிவதே குறை. சின்னாளில் இல்லறம் புகவிருக்கும் மாணவ நண்பர்காள்! அத்துணிவை நம்மிடமிருந்தே தொடங்குவோமாக.