வளர்ந்த பிள்ளைக்கும் ஒரு பணி

வலுவிழந்த தம் பிள்ளை வளர்ந்தபின், கோயிலில் ஏதேனும் பணி கொடுக்கும்படி பெற்றோர் கேட்டால், “பாவம், சும்மா இருக்கட்டும்” என்கிறோம். வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்விக்கூட அனுமதியிலும் இவர்களுக்குப் பாரபட்சம் காட்டுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. சம்பளமில்லாத கோயிற்பணிக்கு நமக்கென்ன தயக்கம்? அதுவும், பலவீனமாய்த் தோன்றும் உறுப்புகளே மிகத் தேவையானவை எனப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைப் பீடத்தில் வாசித்துவிட்டு!

பாட்டுப் புத்தகம் கொடுத்தல், பூச்சாடிக்கு நீர் மாற்றல், சிரமதானத்தில் தேநீர் பரிமாறல் – எது விருப்பமெனத் தாயிடமல்ல, அவரிடமே கேளுங்கள். ஒரே வேலையை ஒரே துணையாளோடு சில மாதம் பழக்குங்கள். பணிப்பட்டியலில் பெயரை எழுதுங்கள். வராத ஞாயிறு வீடு தேடிப் போங்கள். நத்தார்ப் பொதி கொடுத்துப் படமெடுப்பது இதைவிடச் சுலபந்தான். பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுக்கலாம்.