பிட்ச் கூடினா வேகம் கூடுமா? சும்மா கதை!

சோளிங்கர்ல கடலே இல்ல, உனக்கெதுக்குடா அவுட்போர்டு மோட்டார் புரொப்பல்லர்னு கேட்பீங்க. கேளுங்க. ஆனா 'பெரிய பிட்ச் போட்டா படகு பறக்கும்'னு சொல்றதை மட்டும் நிறுத்துங்க சாமி.

பிட்ச்ங்கறது, புரொப்பல்லர் ஒரு சுத்து சுத்தினா தண்ணியில வழுக்காம எத்தனை அங்குலம் முன்னே போகணும்ங்கற கணக்கு. எங்கூர் நரசிம்மர் மலைக்கு 1,300 படிக்கு மேல. வெறுங்கையோட ரெண்டு ரெண்டு படியா தாவலாம். தலையில மூட்டையோட தாவிப் பாருங்க, நாக்கு தள்ளிடும்.

குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் காலியாவா ஓடுது? வலை, ஐஸ், ஆளுங்க, திரும்பும்போது மீன் (கிடைச்சா!). காலிப் படகுல ஓட்டிக் காட்டி பெரிய பிட்சைத் தலையில கட்டிடறாங்க. பாரம் ஏறினதும் கைப்பிடியை முழுசா முறுக்கினாலும் ஆர்பிஎம் ஏறாது. மண்ணெண்ணெய் குடிக்கும், எஞ்சின் திணறித் திணறியே வீணாகும். காசு மீனவரோடது, வித்தவருக்கு என்ன?

டேக்கோமீட்டர் பார்க்காம பிட்ச் சொல்றது கிளி ஜோசியம். வழக்கமான பாரத்தோட முழுசா முறுக்குங்க. எஞ்சின் புத்தகத்துல போட்டிருக்கற ஆர்பிஎம் வரலையா, பிட்சைக் குறைங்க. 1 அங்குலத்துக்கு சுமார் 150-200 ஆர்பிஎம் ஏறும். அளவைத் தாண்டிக் கத்துதா, கூட்டுங்க.