எந்தப் பக்கத்து வெயில்?

கோடையில் டிவி செய்தியில் சென்னை வெயில் என்றால் இரண்டே ஊர்தான்: நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம். திருநின்றவூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன அநியாயம். மெரினாவில் மதியமே ஏறிவிடும் கடற்காற்று அம்பத்தூர், ஆவடி தாண்டி எங்களிடம் வந்து சேர அந்தி சாய்ந்துவிடும். சில நாள் வரவே வராது. அதற்குள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. ஒரு நகரத்துக்கே இரண்டு எண் போதவில்லை. ஒரு கிரகத்துக்கு எத்தனை வேண்டும்?

வேறு விண்மீன்களை ஒட்டிச் சுற்றும் வியாழன் போன்ற ராட்சத வாயுக் கோள்களை ‘ஹாட் ஜூபிடர்’ என்கிறார்கள். 280 ஒளியாண்டு தொலைவில் உள்ள வாஸ்ப்-43பி அவற்றில் ஒன்று. அதற்கு ஓர் ஆண்டு என்பதே சுமார் 19½ மணி நேரம். விண்மீனின் பிடி இறுகியதால் ஒரு பக்கம் நிரந்தரப் பகல், மறுபக்கம் நிரந்தர இரவு.

அந்தக் கோளைத் தனியாகப் பார்த்தவர் யாருமில்லை. விண்மீனும் அதுவும் சேர்ந்து ஒரே ஒளிப்புள்ளிதான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்தப் புள்ளியை ஒரு முழுச் சுற்றுக்கும் விடாமல் கவனித்தது. கோளின் பகல் பக்கம் நம்மை நோக்கித் திரும்பத் திரும்ப அகச்சிவப்பு ஒளி கூடும்; இரவுப் பக்கம் வந்தால் குறையும். இந்தக் கூடுதல் குறைவை வைத்தே 2024இல் கணக்குச் சொன்னார்கள்: பகலில் ஏறக்குறைய 1,250 டிகிரி செல்சியஸ், இரவில் 600. இரவுப் பக்கத்தில் அடர்ந்த மேகம். அந்தக் குளிருக்கு (600 டிகிரி அங்கே குளிர்தான்!) மீத்தேன் இருந்திருக்க வேண்டும், காணோம். மணிக்கு 8,000 கி.மீ. வேகக் காற்று பகல் பக்கத்து வாயுவை இரவுக்குள் அடித்துத் தள்ளுவதால், மீத்தேன் உருவாக நேரமே கிடைப்பதில்லை என்கிறார்கள். ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் ஆறினால் காற்று கிளம்பும். வங்கக்கடலிலிருந்து எங்களுக்குத் தாமதமாக வருவதும் அப்படிக் கிளம்பிய காற்றுதான்.

2020இல் வாஸ்ப்-76பி என்ற இன்னொரு கோளில் ‘இரும்பு மழை’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. மழையை யாரும் பார்க்கவில்லை. கோளின் அந்தி விளிம்பில் இரும்பு ஆவியின் தடம் தெரிந்தது, விடியல் விளிம்பில் தெரியவில்லை. இரவில் குளிர்ந்து கொட்டியிருக்கும் என்று ஊகித்தார்கள். மேகம் மறைத்தாலும், இரு விளிம்புகளின் வெப்பம் வேறுபட்டாலும் இதே தடம் வரும் என்று பிறகு வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். நல்ல ஊகம்தான், ஆனால் தலைப்புச் செய்தியாகும் அளவுக்கு அது முற்றவில்லை என்பது என் கட்சி.

இந்த எச்சரிக்கைக்கு வெளியூர் போகவேண்டாம். இன்று நமக்கு வெயில் சொல்லும் நுங்கம்பாக்கம் வளாகத்தில்தான் அன்றைய மதராஸ் வானாய்வகம் இருந்தது. அங்கிருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதை கணக்கோடு இடிப்பதைக் கண்டு, அங்கே ஒரு கிரகம் இருக்கக்கூடும் என்று 1855இல் எழுதினார். அது நிலைக்கவில்லை. சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் கோள் உறுதியாக அகப்பட 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு ஹாட் ஜூபிடர்தான்.

அடுத்த முறை ‘கொதிக்கும் கிரகம்’ என்று செய்தி வந்தால், அந்த டிகிரி பகல் பக்கத்ததா, இரவுப் பக்கத்ததா, இரண்டுக்கும் சராசரியா என்று தேடிப் பாருங்கள். எழுதவில்லையென்றால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.