நடுவிலேயே நின்ற முள்

வானொலி நிலையத்தில் நான் பேசும்போது கண் முன்னால் ஒரு மீட்டர் ஆடிக்கொண்டே இருக்கும். குரல் ஏறி அது சிவப்பைத் தொட்டால் உடனே சத்தத்தைக் குறைக்க வேண்டும். "உன் காதை நம்பாதே, மீட்டரைப் பார்" என்பதுதான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கிடைத்த பாடம். ஆனால் அதைக் காருக்குள் கொண்டுபோக எனக்கு இரண்டு வருடமும் 3,800 ரிங்கிட்டும் ஆனது.

காலை நிகழ்ச்சி என்பதால் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். காலியான நெடுஞ்சாலையில் டர்போ கார் ஓட்டும் சுகத்துக்காகவே செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கினேன். வாங்கிய மாதமே பூஸ்ட் மீட்டர் ஒன்றும் பொருத்தினேன். இன்ஜினின் காற்றுக்குழாயிலிருந்து மெல்லிய ரப்பர் ஹோஸ் ஒன்றைப் பிரித்து மீட்டரின் சென்சரில் மாட்டுவார்கள். கார் சும்மா நிற்கும்போது முள் பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கும். பெடலை மிதித்தால் டர்போ காற்றை அழுத்தித் தள்ள, முள் 0.5, 0.7, 0.8 பார் என்று ஏறும். அதைப் பார்ப்பதில் ஒரு அற்ப சந்தோஷம். இரவில் நீல நிறத்தில் வேறு மின்னும். "கல்யாண வீட்டு லைட்டு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பூஸ்ட் மீட்டரால் உபயோகம் இல்லாமல் இல்லை. ஹோஸ் எங்காவது கிழிந்து காற்று கசிந்தால், வழக்கமாக 0.8 காட்டும் முள் 0.5-லேயே நின்றுவிடும். ஆனாலும் மூன்று மீட்டர்களில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், கடைசியாக வாங்க வேண்டியது அதுதான். நான் முதலில் வாங்கியது அதை.

அந்தத் தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, அப்பா, அம்மா, மனைவி, மகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பெந்தோங்கில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினோம். காராக் நெடுஞ்சாலையின் ஏற்றம் உங்களுக்குத் தெரியும். கெந்திங் செம்பா சுரங்கப்பாதை வரைக்கும் இன்ஜினுக்கு ஓய்வே கிடையாது. அன்று நெரிசல் வேறு. காரில் இருந்தே பிறந்த வெப்ப மீட்டரின் முள் நடுவில் அப்படியே நின்றது, நானும் நிம்மதியாக இருந்தேன். திடீரென்று ஏர்கோன் சூடாக வீசியது. முள் ஒரே தாவாகச் சிவப்புக்குப் போனது. ஓரம் கட்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி. ஹெட் கேஸ்கெட் போய், சிலிண்டர் ஹெட்டையும் சீவ வேண்டியதாயிற்று. நான் சொன்ன 3,800 அதுதான். இழுவை லாரியின் முன் சீட்டில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி ஓட்டியே எங்களைப் படிக்கவைத்தவர் அவர்.

ரவாங்கில் எனக்குத் தெரிந்த போமென் அண்ணன் அப்புறம்தான் விளக்கினார். பல கார்களில் அந்த வெப்ப முள், உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. தண்ணீர் 80 டிகிரியில் இருந்தாலும் 100-ஐத் தொட்டாலும் அது நடுவிலேயே நிற்கும். முள் கொஞ்சம் ஆடினாலே வாடிக்கையாளர்கள் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு ஓடிவருகிறார்களாம். அதனால் ஆடாத மாதிரியே அமைத்துவிட்டார்கள். இப்போது வரும் பல கார்களில் முள்ளே இல்லை. குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு, கொதித்தால் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

பட்டறையில் அப்பா கேட்ட ஒரே கேள்வி: "ஏன்டா, உன் காடியில எண்ணெய் மீட்டர் எங்க?" அவர் ஓட்டிய பழைய லாரியில் அது கண்ணுக்கு நேரே இருந்ததாம். டர்போவுக்கு அது இன்னும் முக்கியம். உள்ளே இருக்கும் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். எண்ணெய் அழுத்தம் விழுந்தால் முதலில் சாவது டர்போ.

ஆக, தண்ணீர் வெப்பம், எண்ணெய் அழுத்தம் என்று இரண்டு மீட்டர்கள் சேர்ந்தன. 52 மில்லிமீட்டர் அளவு. கூலியோடு 600 ரிங்கிட் சொச்சம். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெட்டி, நடுவில் ஓர் இணைப்பு வைத்து வெப்ப சென்சரைப் பதித்தார். எண்ணெய் சென்சர், ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கும் ஒரு தட்டில் போனது. எண்ணெயையே குழாய் வழியாக உள்ளே கொண்டுவரும் பழைய வகை மீட்டரை அவர் தொடவே மாட்டார். "குழாய் வெடிச்சா சூடான எண்ணெய் உன் கால்லதான் தம்பி ஊத்தும்." எனவே வயர் மட்டும்தான் உள்ளே வந்தது.

என் பூஸ்ட் மீட்டரைப் பார்த்துத்தான் திட்டினார். கண்ணாடி ஓரத் தூணில், பக்கவாட்டு ஏர்பேக் விரியும் வழியில் அதை ஒட்டியிருந்தேன். கழற்றி, மூன்றையும் ரேடியோவுக்குக் கீழே வரிசையாக வைத்தார். உங்கள் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அங்கே எதையும் மாட்டாதீர்கள். கார் இன்னும் வாரண்டியில் இருந்தால், வயரை வெட்டுவதற்கு முன் விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எண்ணெய் முள் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. எனக்கு உயிரே போனது. அண்ணன் சென்சரைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். கசியக்கூடாது என்று அவர் பையன் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருக்கிறான். ஒற்றை வயர் சென்சருக்கு அந்த மரைதான் எர்த்து. டேப்பை எடுத்துவிட்டு, சீலண்ட் கொஞ்சமாகத் தடவி மாட்டியதும் முள் அடங்கியது.

போன பள்ளி விடுமுறையில் அதே காராக், அதே நெரிசல், அதே ஐந்து பேர். எண்கள் 91, 94 என்று ஏறின. பெட்ரோல் காரில் 90-ஐ ஒட்டி இருப்பது சாதாரணம்தான். 99 வந்ததும் ஏர்கோனை அணைத்தேன். 103. டேஷ்போர்டு முள் நடுவில் ஆடாமல் அசையாமல் நின்றது. பின் சீட்டில் மகள் வியர்த்து அழுதாள். "ஓரத்துல நிறுத்து" என்றார் அப்பா. நிறுத்திப் பார்த்தால் ரேடியேட்டர் விசிறி சுற்றவே இல்லை. பானெட்டைத் திறந்து இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து, இறக்கத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டு பெந்தோங் போய்ச் சேர்ந்தோம். விசிறியின் ரிலே கெட்டிருந்தது. 25 ரிங்கிட்.

அன்றிலிருந்து முன் சீட்டு அப்பாவுக்குத்தான். அம்மா கேட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கண்ணாடியை மூக்குக்குக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, என் நிகழ்ச்சியின் போக்குவரத்துத் தகவல் போல ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசிக்கிறார்: "தண்ணி தொண்ணூத்தி ரெண்டு. எண்ணெய் மூணு பார். பூஸ்டு... அது எதுக்குடா, விடு."